பெருங்காய ஐஸ்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வேண்டாம். நான் விருதுநகரில் இறங்குகிறவன். நீங்கள்? கோவில்பட்டியா. சரி. நான் இறங்கின பிறகு காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையைத் தள்ளி வையுங்கள். பூ நசுங்கும். இங்கே மாட்டுத்தாவணியில்தான் வாங்கினேன், வீட்டுக்காரி படத்துக்குப் போட. மதுரை மல்லியாம். கூவிக் கூவி விற்கிறான். மோந்து பாருங்கள், ஒன்றும் கிடையாது. காகிதப் பூவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. என்ன, மணக்கிறதா? பஸ்ஸே மணக்கிறதா? சரிதான். நீங்கள் சுலபமாக ஏமாறுகிற ஆள் போல.

போனா? அணைத்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு பெண்கள் மாறி மாறி அடிக்கிறார்கள். ஒருத்தி என் மகள் பொன்ராணி. கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளிடம் சொல்லாமல்தான் விடிந்ததும் கிளம்பி வந்தேன். இன்னொருத்தி பக்கத்து வீட்டு செண்பகக்கனி. அவள் தொல்லைதான் பெரிய தொல்லை.

"அண்ணாச்சி, உங்க வீட்டுலருந்து கேஸ் நாத்தம் வருது. நேத்தைக்கு விட இன்னைக்கு ஜாஸ்தி. சாவி யாருட்ட குடுத்துட்டுப் போனீங்க?"

யாரிடம் கொடுப்பேன்? சாவி என் இடுப்பில் இருக்கிறது. அங்கே சாக்கடை அடைத்திருக்கும், அது நாறும். அதற்கு என்னைக் கூப்பிடுவானேன்.

அவள் விடவில்லை. கேஸ் கம்பெனி ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தானாம். பூட்டை உடைக்கணுமாம். உடைத்துப் பாருங்கள், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கிறேன் என்றேன். அப்புறம் அவனே போனை வாங்கிப் பேசினான். "பெரியவரே, நீங்க வந்தாலும் நேரா உள்ள போயிராதீங்க. லைட்டு சுவிட்ச தொடாதீங்க. தீக்குச்சி உரசாதீங்க. எனக்குச் சொல்லுங்க, நான் வந்து கதவத் திறந்து காத்தோட்டம் பண்ணின பெறகுதான் எல்லாம்."

என் வீட்டில் நான் விளக்குப் போடக்கூடாதாம். கேட்டீர்களா கதையை. சாயங்காலத்துக்குள் வருகிறேன், அதுவரை பூட்டில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு அணைத்தேன். மதுரை வந்து இந்த வண்டி கிடைக்க இத்தனை நேரம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாதா? நான் யார் என்று தெரியாமல் பார்க்கிறீர்கள்.

விருதுநகர் பஜாரில் தங்கப்பழம் என்று கேளுங்கள், யாருக்கும் தெரியாது. மூக்கு தங்கப்பழம் என்று கேளுங்கள். கடைக்குக் கடை கை காட்டுவான். பெருங்காயக் கம்பெனியில் கலவை மாஸ்டராக இருந்தவன் நான். நாற்பது வருஷம். சரக்கு கப்பலில் வரும், பால் மாதிரி இளக்கமாக, கிட்டே போனால் கண் எரியும். அதில் கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைவார்கள். எவ்வளவு மாவு என்று தராசு சொல்லாது. சரக்குக்குச் சரக்கு மாறும். ஒரு பொட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஈரம் தொட்டுத் தேய்த்து, மூக்குக்குக் கொண்டு போவேன். "இன்னும் மாவு" என்பேன். இல்லையென்றால் "போதும்" என்பேன். நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

இதோ பாருங்கள், இந்த டப்பா. தகர டப்பாதான். உள்ளே இருப்பது கலப்பில்லாத முதல் சரக்கு. தினம் காலையில் இதை மோந்து மூக்கைச் சரிபார்த்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போவேன். வேலையை விட்ட அன்றைக்கு மூடினேன், அதற்கப்புறம் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது இந்த மூடியைத் திறந்தேன் என்றால் இந்த பஸ்ஸில் ஒருத்தர்கூட உட்கார மாட்டார். கண்டக்டர் என்னை இறக்கிவிடுவான். அப்பேர்ப்பட்ட சரக்கு.

மூக்கைக் காப்பாற்றுவது லேசு இல்லை தம்பி. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, பவுடர் கிடையாது. வாசனை சோப்பு வீட்டுப் படி ஏறக்கூடாது. சொர்ணத்திடம், அதுதான் என் வீட்டுக்காரி, கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டேன், பூ வைக்காதே என்று. மல்லிகை மூக்கில் ஏறினால் அன்றைக்குக் கலவை பிசகும். அவள் வைக்கவில்லை. கடைசிவரை வைக்கவில்லை. கோயிலுக்குப் போனால் பூ வாங்கி அம்மனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு வருவாள். ஒரு முணுமுணுப்பு கிடையாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. இந்தக் காலத்துப் பெண்கள் இருப்பார்களா?

இப்போது படத்துக்குப் போடுகிறேன். இனிமேல் எனக்கு என்ன கலவையா பிசகப்போகிறது.

ஏன் வேலையை விட்டேன் என்றா? நான் எங்கே விட்டேன். கடைசி வருஷம் சரக்கு திரும்பத் திரும்பக் கடைகளிலிருந்து வந்தது. கசக்கிறதாம். சாம்பாரில் ஒரு துளி போட்டால் பாத்திரத்தையே தூக்கிப் போட வேண்டியிருக்கிறதாம். எனக்கோ அது சப்பென்று இருந்தது. மாவைக் குறைத்தேன். அப்போதும் சப்பென்று இருந்தது. இன்னும் குறைத்தேன். கப்பல்காரன் ஏமாற்றுகிறான் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவர் பையன் பொன்னாடை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டான். ஊருக்கே நாக்கு செத்துப்போய்விட்டது. அதை யார் ஒத்துக்கொள்கிறார்கள்?

என்ன, வண்டி ஏன் ஓரம் கட்டுகிறது? இது கப்பலூர் டோல்கேட் கூட இல்லையே.

பாருங்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "டிரைவரண்ணே, என்னமோ கருகுது!" கருகுகிறதா? அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள், புழுதிக்கே இந்தப் பாடு. நீங்களும் பொத்துகிறீர்களே. எனக்கு ஒன்றும் இல்லையே. ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம்.

ஓ. சக்கரத்துப் பக்கம் புகை வருகிறது. ஆமாம், தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் பிடித்துக்கொண்டதாம். தண்ணீர் ஊற்றுகிறான். புகை வந்தால் நாறவேண்டும் என்று சட்டமா? காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது.

சரி, கிளம்பிவிட்டான். உட்காருங்கள். என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

மகள் வீட்டுக் கதையைத்தானே கேட்டீர்கள். கேட்கவில்லையா? நான் சொல்கிறேன், கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ராணியும் மாப்பிள்ளை அகிலனும் ஆர்.எஸ். புரத்தில் ஐஸ்கிரீம் கடை போடுகிறார்கள். மாப்பிள்ளை பெரிய ஓட்டலில் இனிப்புச் செய்கிற பிரிவில் இருந்தவர். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு ஐஸ். சரி, ஐஸ் என்றால் ஐஸ் விற்க வேண்டியதுதானே. இவர்கள் விற்கிற ஐஸைக் கேளுங்கள். கறிவேப்பிலை ஐஸ். பூண்டு ஐஸ். வெற்றிலை ஐஸ். கொய்யாவில் காந்தாரி மிளகாய் போட்டு ஒரு ஐஸ். மழை ஐஸ். சிரிக்காதீர்கள், மழை ஐஸ்தான். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தால் எப்படி மணக்குமோ அப்படி இருக்குமாம். வடக்கேயிருந்து மண் அத்தர் வரவழைத்துப் போட்டிருக்கிறார்கள்.

நான் வாழ்க்கையில் சாப்பிட்டது குச்சி ஐஸ், சேமியா ஐஸ். மதுரைக்கு வந்தால் ஜிகர்தண்டா. அதற்கு மேல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் ராணி விடவில்லை. "அப்பா, கடை திறக்கறதுக்கு முந்தி நீங்க வந்து ருசி பாத்துச் சொல்லணும். உங்க மூக்கு சரின்னு சொன்னாத்தான் நான் போர்டு மாட்டுவேன்" என்றாள். தகப்பன் மூக்குக்கு மரியாதை கொடுக்கிறாளே என்று கிளம்பினேன்.

அன்றைக்குக் காலையில் பார்த்து கேஸ் தீர்ந்துவிட்டது. காபி குடிக்காமல் எப்படிக் கிளம்ப? மாற்று சிலிண்டரை நானே உருட்டி வந்து மாட்டினேன். ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. ஒரு தட்டு தட்டி உட்கார வைத்தேன். ரப்பர் டியூபில் எலி பல் வைத்திருந்தது. துணி சுற்றி இறுக்கிக் கட்டினேன். வந்து மாற்றிக்கொள்ளலாம். காபி போட்டுக் குடித்துவிட்டு, ஜன்னல் எல்லாம் சாத்தி, எலி வராமல் கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, ஃப்ரிட்ஜில் மாவு இருந்தது, அது ஓடட்டும் என்று விட்டுப் பூட்டினேன். எறும்பு நுழைய முடியாது. அப்படிப் பூட்டியிருக்கிறேன். அந்த வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது என்கிறாள் செண்பகக்கனி. சிலிண்டர் வால்வை மூடினேனா? மூடியிருப்பேன். யார் மூடாமல் போவார்கள்.

என்ன கேட்கிறீர்கள்? கேஸ்காரன் நம்பரா? அணைத்த போனில் இருக்கிறது, இப்போது எதற்கு? கதையைக் கேளுங்கள்.

கடைக்குப் போனேன். ஏசி. கண்ணாடி மேஜை. விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பூன். எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மாப்பிள்ளையே நின்று பரிமாறுகிறார். பக்கத்தில் சம்பந்தியம்மா, அகிலனுடைய தாயார். அந்த அம்மாவுக்கும் ஒரு ஸ்பூன். ராணி எதிரே நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். சின்னப் பிள்ளையாக மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு நிற்பாளே, அதே மாதிரி.

முதலில் கறிவேப்பிலை. வாயில் வைத்தேன். சில்லென்று இருந்தது. இனித்தது. கரைந்தது. அவ்வளவுதான்.

"எப்படி மாமா?"

"இனிப்பு" என்றேன்.

அடுத்து பூண்டு. சம்பந்தியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஐயோ சாமி! ஏனுங்க சம்பந்தி, இது ஐஸுங்களா ரசமுங்களா? ஏப்பம் வந்தா வூட்டுக்குள்ள ஆரும் நிக்க முடியாதாட்டம் இருக்குது" என்று அலறுகிறாள். நான் என் கிண்ணத்தைப் பார்த்தேன். அதே வெள்ளை. அதே சில். அதே இனிப்பு. நடிக்கிறாள் என்று நினைத்தேன். மகன் கடை, அவள் நடிக்காமல் யார் நடிப்பார்கள்.

கொய்யா மிளகாய் மட்டும் எரிந்தது. "இதுல காரம் இருக்கு" என்றேன். மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கொய்யா தெரியுதுங்களா மாமா?" தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். சந்தோஷம் போய்விட்டது.

மழை ஐஸ் வந்தது. சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கூட்டுக் காட்டுல மொத மழ பேஞ்சாப்ல இருக்குதுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். நிஜமாகவே தண்ணீர் தம்பி. எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆனது. நான் இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டேன். வெறும் பனிக்கட்டி. சர்க்கரை போட்ட பனிக்கட்டி.

அப்புறம் ராணி தானே ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். வெள்ளையில் லேசாகப் பச்சை. "இது அம்மாவுக்காகச் செஞ்சதுப்பா" என்றாள்.

"என்னது?"

"நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? அவள் முகத்தைப் பார்த்தேன், கிண்ணத்தைப் பார்த்தேன். ஏலக்காய் என்றேன். ஒரு குத்துமதிப்புக்கு. சம்பந்தியம்மாதான், "மல்லிப்பூவுங்க சம்பந்தி. கடையே கமகமங்குதே, தெரியலீங்களா?" என்றாள்.

அம்மா வைக்காத பூவை ஐஸில் போட்டிருக்கிறாள். இது என்ன வேலை? சொர்ணம் கேட்டாளா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் வாய் நிற்காது. "ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒரே சட்டி ஐஸு. பேரை மாத்தி மாத்தி எழுதி ஒட்டியிருக்கீங்க. ஜனங்க அடிக்க வருவாங்க" என்றேன்.

திருமங்கலம் வந்துவிட்டது பாருங்கள். அந்தச் சுண்டல்காரனைக் கூப்பிடாதீர்கள், அதிலும் ருசி இருக்காது. நான் வாங்கிப் பார்த்தாயிற்று. உப்பு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்த்தேன். ராணி கேட்கவில்லை. கொண்டுவந்து வைத்தாள். பழுப்பு நிறம். கருப்பட்டி, உப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம்.

பெருங்காய ஐஸ்.

அதை என் பேரில் வைக்கிறாளாம். போர்டிலேயே எழுதியாயிற்றாம். "அப்பாவின் பெருங்காயம்." என் பழைய கலவைக் கட்டி ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, அதை உடைத்துப் போட்டிருக்கிறாள். ஒரு வருஷமாகச் செய்து செய்து பார்த்தாளாம். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் சாப்பிட்டுவிட்டு, கடை ஓடினால் இந்த ஒரு ஐஸுக்காகத்தான் ஓடும் என்றாராம்.

இதில் என்னை ஏமாற்ற முடியாதே. இது என் சரக்கு. ஸ்பூனை நாக்கில் வைத்தேன். மேலண்ணத்தில் அழுத்தினேன். மூக்கு வழியாக மூச்சை விட்டேன். அப்படித்தான் பார்க்க வேண்டும். உப்பு. இனிப்பு. சில். காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"இதுல பெருங்காயமே இல்ல" என்றேன்.

"அப்பா..."

"இல்ல. நாற்பது வருஷம் பாத்தவன் சொல்றேன். இல்ல."

சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். ராணி என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள். கடை போச்சே என்று அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்பா, ஐஸுல எல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் வாசனை தெரியல."

"யாருக்கு?"

"உங்களுக்கு. நேத்து அடுப்புல பால் கருகி வீடே நாறுச்சு. நீங்க அடுப்படிலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. நான் ஓடி வந்து அணைச்சேன். நீங்க நிமிந்துகூடப் பாக்கல. கண்ண மூடுங்கப்பா. ஒண்ணே ஒண்ண மூக்குப் பக்கம் கொண்டு வரேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

நான் மூடவில்லை. எதற்கு மூட வேண்டும்? தகப்பனுக்கு மகள் பரீட்சை வைப்பதா? இந்த மூக்குதான் அவளைப் படிக்க வைத்தது. இந்த மூக்குதான் கல்யாணம் பண்ணி வைத்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு விட்டாளா? இனிமேல் தனியாக இருக்கக்கூடாதாம். வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்துவிட வேண்டுமாம். டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்றாம். மூக்குக்கு டாக்டர்! அதற்கடுத்து, நேற்றுக் காலையில்தான் செண்பகக்கனியின் முதல் போன். ராணி காதிலும் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? பாத்தீங்களாப்பா? நீங்க போகாதீங்க, பூட்ட உடைக்கச் சொல்லுங்க." இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். நான் மக்கா? இன்றைக்கு எல்லோரும் எழுந்திருக்கும் முன்னே நடையைக் கட்டிவிட்டேன்.

சொல்லுங்கள். நியாயம் யார் பக்கம்?

சரி, கள்ளிக்குடி தாண்டிவிட்டது. இனி பக்கம்தான்.

ஒன்று செய்யப் போகிறேன். செண்பகக்கனி வாசலில்தான் காவல் இருப்பாள், அந்த கேஸ்காரனையும் நிறுத்தி வைத்துக்கொண்டு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதில் சாய்ந்துதான் அவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். நான் முன்பக்கமே போகமாட்டேன். பின்சந்து வழியாக வந்தால் அடுப்படிக் கதவு. அதற்கும் சாவி இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவேன். கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம் சுவிட்ச், கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். முதல் வேலை, சொர்ணம் படத்துக்குப் பூப் போட்டு விளக்கு ஏற்றுவது. அப்புறம் ஒரு காபி. அதற்குப் பிறகு முன்கதவைத் திறந்து, என்ன வேணும் என்று கேட்பேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

தம்பி, உங்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா? அடுப்படியில் இருந்தது நமுத்திருக்கும்.

இல்லையா? கோவில்பட்டிக்காரரிடம் தீப்பெட்டி இல்லை என்றால் யார் நம்புவார்கள்! சட்டைப் பையில் தெரிகிறதே. ஏன் கையை வைத்து மூடுகிறீர்கள்? ஒரு தீப்பெட்டிக்கு இவ்வளவு கெட்டியா? இருக்கட்டும். தெரு முனையில் பெட்டிக்கடை இருக்கிறது.

இறங்குகிறேன். பையைக் கொடுங்கள். என்ன, நீங்களும் எழுந்துவிட்டீர்கள்? இது விருதுநகர் தம்பி. உங்கள் ஊர் இன்னும் தூரம். வண்டி போய்விடும். இறங்கியே விட்டீர்களா? கண்டக்டர் கத்துகிறான் பாருங்கள்.

எனக்குத் துணை வேண்டாம். ஆட்டோவும் வேண்டாம், நடக்கிற தூரம்தான். சரி, வருவதென்றால் வாருங்கள். ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம். உங்கள் போனில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? வீட்டிலா? தாமதமாகும் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்கடையில் நிற்க வேண்டாம் என்று இழுக்கிறீர்களே. விடுங்கள். சரி, வாங்கவில்லை. உள்ளே எங்கேயாவது ஒரு குச்சி இருக்கும்.

இதுதான் சந்து. இருட்டிவிட்டது. பார்த்து வாருங்கள், கல் இருக்கிறது. அதோ, மூன்றாவது பின்வாசல்.

ஏன் நின்றுவிட்டீர்கள்? இன்னும் வீடு வரவில்லை. ஏன் மூக்கைப் பொத்துகிறீர்கள்? சாக்கடைதான், நான் சொன்னேனே. கையை விடுங்கள் தம்பி. வலிக்கிறது. விடுங்கள் என்கிறேன்.

என்ன வேண்டும் உங்களுக்கு? டப்பாவா? இந்தாருங்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், தெருவே கூடிவிடும். என்ன? கண்ணை மூடவா? நீங்களுமா? ராணி சொல்லி அனுப்பினாளா? யாரோ எவரோ, உங்களுக்கு நான் எதற்கு... சரி. மூடினால் வழி விடுவீர்கள் அல்லவா? மூடிவிட்டேன். சீக்கிரம் கொண்டு வாருங்கள்.

எங்கே, கொண்டு வாருங்கள். பக்கத்தில் வந்தாயிற்றா? மூக்கில் இடிக்கிறது, தகரம் சில்லென்று இருக்கிறது. அதான் டப்பா என்று தெரிகிறதே, மூடி வைத்துக்கொண்டு காட்டினால் என்ன மணக்கும்? திறந்து காட்டினால்தானே...

யார் மேலேயிருந்து கத்துவது?

"யாருய்யா அது சந்துல? பெருங்காயத்த மூட்டையோட கொட்டுனது? மனுசன் சோறு திங்க வேணாமா?"

தம்பி.

திறந்துதான் இருக்கிறதா?

எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது?

இருங்கள். பேசாதீர்கள். இன்னொரு தரம் காட்டுங்கள். இன்னும் கிட்டே. கண் எரிகிறது. கண் மட்டும் எரிகிறது.

இந்தாருங்கள், சாவி. இது அடுப்படி, இது வாசல். கேஸ்காரனிடம் கொடுங்கள். அவனைத்தான் கூப்பிட்டீர்களா பஸ்ஸிலிருந்து இறங்கினதும்? இல்லையா, ஃபயர் ஆபீஸா? சரி. ஓடுங்கள். முதலில் செண்பகக்கனியை அந்தச் சுவரை விட்டு எழுந்து வரச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். சொன்னால் கேட்பாள். உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது தம்பி. பழைய ஃப்ரிட்ஜ். அது பாட்டுக்கு நிற்கும், அது பாட்டுக்கு டக்கென்று ஓட ஆரம்பிக்கும். நான் அதை அணைக்கவில்லை.

வால்வையும் மூடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இங்கேயே நிற்கிறேன். எங்கும் போகமாட்டேன். போங்கள்.

ஒரு நிமிஷம். இந்தப் பூ. நிஜமாகவே பஸ்ஸெல்லாம் மணந்ததா?